ஆல்ஃப்ரெடோவின் வெண்ணெய்

ரோம் நகரின் நடுவில் பியாத்சா ரோசா என்றொரு சின்னச் சதுக்கம் இருந்தது. இன்று போய்த் தேடினால் கிடைக்காது. 1910 வாக்கில் அதை அழித்து, கண்ணாடிக் கூரை போட்ட பெரிய வணிக வளாகம் ஒன்றுக்கு இடம் செய்தார்கள். ஆல்பெர்த்தோ சோர்தி என்ற நடிகரின் பெயரைத் தாங்கி அந்த வளாகம் இன்றும் நிற்கிறது. அதற்கு முன்பு அந்தச் சதுக்கத்தில் ஆஞ்ஜெலினா என்ற பெண்மணி ஒரு சாப்பாட்டுக் கடை நடத்திவந்தார். கூடமாட வேலை பார்த்தவர் மகன் ஆல்ஃப்ரெடோ தி லேலியோ.

1908-ல் ஆல்ஃப்ரெடோவின் மனைவி இனெஸுக்கு ஆண் குழந்தை பிறந்தது. அர்மாந்தோ என்று பெயர் வைத்தார்கள். பிரசவத்துக்குப் பிறகு இனெஸுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உடம்பு இளைத்துக்கொண்டே போனது. கணவர் தன் கையால் மாவு பிசைந்து, மெல்லிசாகத் தேய்த்து, நாடா நாடாவாக நறுக்கி வேகவைத்தார். வெண்ணெயும் பார்மிஜானோ சீஸும் போட்டுப் பிரட்டி, தட்டை மனைவி முன்னால் வைத்தார். இனெஸ் சாப்பிட்டார். சாப்பிட்டதோடு, இதைக் கடையிலும் போடுங்களேன் என்று யோசனையும் சொன்னார். இது அந்தக் குடும்பம் சொல்லிவரும் கதை.

பேர்பெற்ற பண்டம் ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு பிறப்புக் கதை உண்டு. யாராவது ஒரு ராஜா நேரங்கெட்ட நேரத்தில் பசியோடு வந்து நிற்பார், அல்லது சமையற்காரர் கைதவறி எதையாவது கொட்டிவிடுவார். அவற்றில் முக்கால்வாசியை நான் நம்புவதில்லை. இதை நம்புகிறேன். காரணம், இந்தக் கதையில் யாரும் எதையும் கண்டுபிடிக்கவில்லை. இத்தாலியில் வயிறு சரியில்லாதவர்களுக்கு 'வெள்ளைச் சாப்பாடு' கொடுப்பது ரொம்பப் பழைய வழக்கம். தக்காளி கூடாது, காரம் கூடாது. பாஸ்தாவோ சோறோ, அதில் கொஞ்சம் வெண்ணெய் அல்லது ஆலிவ் எண்ணெய், மேலே துருவிய சீஸ், அவ்வளவுதான். பிள்ளை பெற்றவளுக்கு நம் வீடுகளில் பத்தியம் போடுவதைப் போல. பண்டமும் புதிதில்லை. கோமோவின் மார்த்தினோ என்று அறியப்படும் சமையற்காரர் 15-ஆம் நூற்றாண்டில் எழுதிய நூலிலேயே 'ரோமானிய மக்கரோனி' இருக்கிறது. மாவை நாடாவாக நறுக்கி வேகவைத்து வெண்ணெய், சீஸ், இனிப்பு மசாலா சேர்க்கச் சொல்கிறார் அவர். ஆல்ஃப்ரெடோ செய்ததற்கும் அதற்கும் வித்தியாசம் மசாலா மட்டும்தான்.

பிறகு எதற்காக ஆல்ஃப்ரெடோவின் பெயர் நூறு ஆண்டுகளாக உலகம் சுற்றுகிறது? முதல் காரணம், அவர் வெண்ணெயில் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. 'மூன்று மடங்கு வெண்ணெய் ஃபெட்டுச்சினி' என்றே அதற்கு முதலில் பெயர் இருந்தது; ஃபெட்டுச்சினி என்பது அந்த நாடாப் பாஸ்தாதான். இரண்டாவது காரணம் முக்கியமானது. 1914-ல் வியா தெல்லா ஸ்க்ரோஃபா தெருவில் சொந்தக் கடை திறந்த ஆல்ஃப்ரெடோ, அடுக்களையில் முடிய வேண்டிய வேலையைச் சாப்பிடுகிறவரின் மேசைக்கே கொண்டுவந்தார். தடித்த மீசையும் தாராளமான உடம்புமாக மேசையருகே வந்து நின்று, கரண்டியும் முள்கரண்டியும் எடுத்து, பாஸ்தாவை உயரத் தூக்கிப் பிரட்டுவார். பார்க்கிறவர்கள் வாய்பிளப்பார்கள். பாதி ருசி கண் வழியாகவே போய்விடும்.

அதை வெறும் வித்தை என்று தள்ளிவிட முடியாது. சமையல் அந்தப் பிரட்டலில்தான் நடக்கிறது. வெண்ணெயை அடுப்பில் வைத்து உருக்கினால் என்னாகும் என்று நமக்குத் தெரியாததல்ல, நீர் பிரிந்து நெய்யாகிவிடும். நெய் பாஸ்தாவின் மேல் வழியும், ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு குழம்பாகச் சேராது. ஐரோப்பிய வெண்ணெயில் நூற்றுக்கு 82 பங்கு கொழுப்பு, ஏறக்குறைய 16 பங்கு தண்ணீர். இந்தத் தண்ணீரும் கொழுப்பும் பிரியாமல் இருந்தால்தான் வழுவழுப்பு வரும். அதனால் உருக்காத வெண்ணெயை வில்லைகளாகத் தட்டில் போட்டு, அதன்மேல் வெந்த பாஸ்தாவைக் கொட்டி, மாவுச்சத்து இறங்கிய கொதிநீரில் ஒரு கரண்டி விட்டு, பொடிப்பொடியாகத் துருவிய சீஸைத் தூவிப் பிரட்ட வேண்டும். பாஸ்தாவின் சூடே போதும். மாவுச்சத்தும் சீஸின் புரதமும் கொழுப்பையும் நீரையும் கட்டிப்போட்டுவிடும். சூடு அதிகமானால் சீஸ் திரண்டு ரப்பராகும், குறைந்தால் உருகாது. சரியான சூடு நிற்பது ஓரிரு நிமிடம்தான். அந்த நேரத்துக்குள் கை வேகமாக ஓட வேண்டும்.

சீஸும் எதுவானாலும் சரி என்று விட்டுவிட முடியாதது. பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்ற பெயரை எல்லாரும் போட்டுக்கொள்ள முடியாது. பார்மா, ரெஜ்ஜோ எமிலியா, மோதெனா மாவட்டங்களும் பொலோஞ்ஞா, மாந்தோவா மாவட்டங்களின் ஒரு பகுதியும்தான் அதன் எல்லை. சக்கரம் போன்ற ஒரு கட்டி ஏறக்குறைய 40 கிலோ இருக்கும், அதற்கு 500 லிட்டருக்கு மேல் பால் போகும். குறைந்தது 12 மாதம் பலகையில் முதிர வேண்டும். அதன்பிறகு ஒருவர் சின்னச் சுத்தியல் ஒன்றை எடுத்து வந்து கட்டியைத் தட்டித் தட்டி ஓசை கேட்பார். உள்ளே வெடிப்போ பொந்தோ இருந்தால் ஓசை மாறும். தேறியதற்குத்தான் முத்திரை. ஐரோப்பாவில் 'பார்மெசான்' என்ற பெயரையும் இந்தச் சீஸுக்கு மட்டுமே வைக்கலாம் என்று 2008-ல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அமெரிக்காவில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. இந்த வித்தியாசம் பின்னால் நம் கதையில் பெரிய வேலை செய்யப்போகிறது.

1920-ல் புது மணத் தம்பதி ஒன்று ஐரோப்பாவுக்கு வந்தது. மேரி பிக்ஃபோர்டும் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸும். ஊமைப்படக் காலத்தின் உச்ச நட்சத்திரங்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் சாப்ளினோடும் இயக்குநர் கிரிஃபித்தோடும் சேர்ந்து யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனத்தை ஆரம்பித்திருந்தார்கள். போன ஊரெல்லாம் கூட்டம் மொய்த்தது. ரோமில் இருவரும் ஆல்ஃப்ரெடோவின் கடையில் உட்கார்ந்து அந்த வெண்ணெய்ப் பாஸ்தாவைச் சாப்பிட்டுச் சொக்கிப்போனார்கள். நன்றிக்கு 1927-ல் தங்கத்தில் ஒரு கரண்டியும் முள்கரண்டியும் பரிசாகக் கொடுத்தார்கள். அவர்கள் கொடுத்தது கரண்டி, கிடைத்தது விளம்பரம். இதற்கு நடுவே, 1922-ல் வந்த சின்க்ளேர் லூயிஸின் 'பாபிட்' நாவலிலும் ஸ்க்ரோஃபா தெருவின் பாஸ்தா எட்டிப்பார்த்துவிட்டது. நியூயார்க் உணவகக்காரர் ஜார்ஜ் ரெக்டரும் 1927-ல் ஆல்ஃப்ரெடோவின் மேசைச் சடங்கை ரசித்து எழுதினார். ரோமுக்குப் போகிற அமெரிக்கர் கொலோசியம் பார்க்கிறாரோ இல்லையோ, ஆல்ஃப்ரெடோவைப் பார்க்காமல் திரும்பக் கூடாது என்றாகிவிட்டது.

போர் வந்தது. 1943-ல் ரோமில் குண்டு விழுந்தது, ஜெர்மன் படை நகருக்குள் நுழைந்தது. அந்த ஆண்டில் ஆல்ஃப்ரெடோ கடையைத் தன்னிடம் பரிமாறும் வேலை பார்த்த இருவருக்கு விற்றுவிட்டார். கடை, பெயர்ப் பலகை, சுவரில் மாட்டியிருந்த படங்கள் என எல்லாம் கைமாறின. ஆனால் மனிதர் சும்மா இருக்கவில்லை. 1950-ல் மகன் அர்மாந்தோவோடு சேர்ந்து அகஸ்டஸ் சக்கரவர்த்தியின் கல்லறையை ஒட்டிய சதுக்கத்தில் இன்னொரு கடை திறந்தார். அதன் பெயர் 'இல் வேரோ ஆல்ஃப்ரெடோ', அதாவது உண்மையான ஆல்ஃப்ரெடோ. பெயர்ப் பலகையிலேயே வழக்குத் தொடுத்தாயிற்று! பழைய கடையும் மூடவில்லை. அங்கிருந்து இங்கே நடந்தே வந்துவிடலாம், சில நிமிடத் தூரம்தான். ஒருவரிடம் பழைய இடம் இருக்கிறது, இன்னொருவரிடம் ரத்த உறவு இருக்கிறது. அசல் யார் என்று இரண்டு கடைகளும் இன்றுவரை ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருக்கின்றன. ஆரியபவன்களும் பிரியாணிக் கடைகளும் மலிந்த ஊரில் வளர்ந்த நமக்கு இதில் வியப்பு ஒன்றுமில்லை.

1959-ல் ஆல்ஃப்ரெடோ காலமானார். அதற்குள் ரோம் ஹாலிவுட்டின் இரண்டாவது வீடாகியிருந்தது. சினெசித்தா ஸ்டூடியோவில் 'குவோ வாடிஸ்', 'பென்ஹர்' என்று அடுத்தடுத்துப் பிரம்மாண்டப் படங்கள். படப்பிடிப்பு முடிந்ததும் நட்சத்திரங்கள் வெண்ணெய்ப் பாஸ்தாவுக்கு வந்தார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள், படங்கள் சுவரேறின. அகஸ்டஸ் சதுக்கத்துக் கடையை அர்மாந்தோவுக்குப் பின் அவர் மகள் நடத்துகிறார். அவர் பெயரும் இனெஸ். சாப்பாடு இறங்காமல் கிடந்த அந்தப் பாட்டியின் பெயர்.

அந்தக் கடையில் நண்பன் ஒருவனோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். கல்லூரிக் காலத்துச் சிநேகிதன், பல வருடமாக நியூஜெர்சிவாசி. அங்கே மகளின் பிறந்தநாள் என்றால் ஆல்ஃப்ரெடோதான், அலுவலக விருந்து என்றாலும் ஆல்ஃப்ரெடோதான் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான். நீள்வட்டத் தட்டு வந்தது. பரிமாறுபவர் எங்கள் பக்கத்தில் நின்று தூக்கித் தூக்கிப் பிரட்டினார். வெண்ணெய் காணாமல் போய், நாடாக்களின் மேல் ஒரு மினுமினுப்பு மட்டும் மிஞ்சியது. நண்பன் தட்டை உற்றுப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"டேய், சாஸ் எங்கடா?"

"இதுதான்."

"க்ரீம் ஊத்தவே இல்லையே. பூண்டு வாசனை கூட வரல. சிக்கன் இல்லேன்னா போகுது, சாஸ் கூடவா இல்ல?"

பரிமாறியவருக்கு எங்கள் மொழி புரியாவிட்டாலும் கேள்வி புரிந்திருக்க வேண்டும். சிரித்தபடி, சாப்பிடு சாப்பிடு என்று கையால் சைகை காட்டினார். அமெரிக்காவிலிருந்து வருகிற எத்தனையோ பேரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பழகிய சிரிப்பு அது. நண்பன் இரண்டு வாய் சாப்பிட்டான். அதன்பிறகு அவனிடமிருந்து பேச்சில்லை. தட்டு காலியான பின், "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது ஆல்ஃப்ரெடோ இல்ல" என்று தீர்ப்பு வழங்கினான். ஆல்ஃப்ரெடோ குடும்பத்துக் கடையில் உட்கார்ந்துகொண்டு!

அவன் சொன்னதை நான் அசட்டுத்தனம் என்று நினைக்கவில்லை. அட்லாண்டிக்கைத் தாண்டிப் போனது பெயர். பண்டம் தாண்டவில்லை. ஏன் என்று பார்த்தால் குற்றவாளி என்று யாரையும் நிறுத்த முடியாது. ரோமில் சாப்பிட்டு ஊர் திரும்பிய அமெரிக்கர் வீட்டில் அதே ருசியைத் தேடுகிறார். கடையில் கிடைப்பதோ டப்பாவில் அடைத்த சீஸ் தூள். அது காய்ந்த தூள், கட்டி தட்டாமல் இருக்க வேறு பொருளும் கலந்தது, பாஸ்தாவின் சூட்டுக்கெல்லாம் உருகாது. வழுவழுப்பு வர வேண்டுமே, என்ன செய்வது? க்ரீமை ஊற்று. 1966-ல் பென்சில்வேனியா டச் என்ற நூடுல்ஸ் கம்பெனி ஃபெட்டுச்சினிப் பொட்டலத்தின் மேலேயே செய்முறையை அச்சடித்து விற்றது. அதில் வெண்ணெய், பார்மெசானோடு க்ரீமும் ஸ்விஸ் சீஸும் சேர்ந்திருந்தன. ரோமுக்குப் போகாத லட்சக்கணக்கான வீடுகளுக்கு ஆல்ஃப்ரெடோ என்றால் பொட்டலத்தில் இருந்ததுதான்.

உணவகங்களுக்கு வேறு கணக்கு. வெண்ணெய்க் குழம்பு சில நிமிடம் தாண்டினால் இறுகிவிடும், மறுபடி சூடாக்கினால் எண்ணெய் பிரியும். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு ஆள் நின்று பிரட்ட வேண்டும். க்ரீம் அப்படியில்லை. ஒரு பெரிய பாத்திரத்தில் கொதிக்கவைத்து அடுப்போரம் வைத்துவிட்டால் மாலை முழுக்கத் தாங்கும். நேற்று வேலைக்குச் சேர்ந்த பையன் கூட ஒரு கரண்டி எடுத்து ஊற்றித் தட்டை அனுப்பிவிடலாம். கைப்பழக்கத்தின் இடத்தில் க்ரீம் உட்கார்ந்தது அப்படித்தான். சாதுவான வெள்ளைக் குழம்பு கிடைத்துவிட்டது, இனி அதில் எதைப் போட்டால் என்ன? கோழி போட்டார்கள், இறால் போட்டார்கள், ப்ராக்கோலி போட்டார்கள். கடைசியில் பாட்டிலில் அடைத்தே விற்றார்கள்.

இதில் ஆல்ஃப்ரெடோ குடும்பத்துக்குப் பங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1977-ல் அர்மாந்தோ ஒரு கூட்டாளியோடு நியூயார்க்கில் ராக்கஃபெல்லர் சென்டர் பக்கம் கடை திறந்தார். 1982-ல் ஃபுளோரிடாவில் டிஸ்னியின் எப்காட் பூங்கா தொடங்கியபோது அங்கே இத்தாலியின் சார்பில் நின்ற உணவகம் ஆல்ஃப்ரெடோவின் பெயரில்தான் இருந்தது. 2007 வரை நடந்தது. கொலோசியம் பார்க்க வந்தவர்களுக்குச் சோறு போட்ட பெயர், மிக்கி மவுஸ் பார்க்க வந்தவர்களுக்கும் போட்டது. அதே 1982-ல், அதே ஆர்லாண்டோ வட்டாரத்தில், ஜெனரல் மில்ஸ் என்ற மாவு, காலை உணவு வியாபாரக் கம்பெனி ஆலிவ் கார்டன் என்ற உணவகத்தைத் திறந்தது. இன்று அது நூற்றுக்கணக்கான கிளைகள் கொண்ட சங்கிலி. அமெரிக்கர் பலருக்கு இத்தாலியச் சாப்பாடு என்றால் அந்தச் சங்கிலிதான், அங்கே ஃபெட்டுச்சினி ஆல்ஃப்ரெடோ என்றால் க்ரீம்தான். வருகிறவர்கள் எல்லாரும் குடும்பம் என்பது அதன் விளம்பரப் பாணி. உண்மையான குடும்பம் ஒன்று ரோமில் ஒரே கடையை வைத்துக்கொண்டு மேசை மேசையாகப் பிரட்டிக்கொண்டிருக்கிறது.

இத்தாலிக்காரர்களிடம் ஆல்ஃப்ரெடோ என்று கேட்டால் பலர் விழிப்பார்கள். அவர்களைப் பொறுத்தவரை அது வெண்ணெய்ப் பாஸ்தா, வீட்டில் வேறொன்றும் இல்லாத நாளில் செய்வது, பிள்ளைகளுக்குப் போடுவது. அதற்கு ஒரு ஆள் பெயர் எதற்கு என்பார்கள். அந்த இளக்காரம் எனக்கு உடன்பாடில்லை. எளிய பண்டத்தை அலுக்காமல் ஒரே சீராக, தலைமுறை தலைமுறையாகச் செய்துகாட்டுவது சின்ன விஷயமா? க்ரீம் ஆல்ஃப்ரெடோவைத் திட்டுவதிலும் எனக்கு ஆர்வமில்லை. அது அமெரிக்கச் சாப்பாடு. நன்றாகச் செய்தால் நன்றாகவே இருக்கும். இத்தாலியச் சாப்பாடு என்று சொல்லி விற்கும்போதுதான் இடிக்கிறது.

நம்மூருக்கு வந்தது இந்த அமெரிக்கக் கிளையின் பேரன். சென்னையிலும் கோவையிலும் காபி கடைகளில் 'ஒயிட் சாஸ் பாஸ்தா' என்று ஒன்று இருக்கிறது. வெண்ணெயில் மைதாவை வறுத்துப் பால் விட்டுக் கிளறிய குழம்பு, அதில் நாடாவுக்குப் பதில் குழல் பாஸ்தா, ஸ்வீட் கார்ன், குடைமிளகாய், மேலே ஆரிகனோ பொட்டலம். மெனுவைப் புரட்டினால் சில இடங்களில் அதற்கே ஆல்ஃப்ரெடோ என்றும் பெயர். கல்யாண விருந்துகளில் தோசைக்கல்லுக்குப் பக்கத்தில் பாஸ்தா கவுன்ட்டர் வந்து கொஞ்ச காலம் ஆகிறது. க்ரீம் விலையை மைதா குறைத்தது, அவ்வளவுதான். ரோமில் வெண்ணெய், நியூயார்க்கில் க்ரீம், இங்கே மைதா.

சைவம் சாப்பிடுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. அசல் பார்மிஜானோவில் பாலை உறையவைக்கக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட்டைச் சேர்க்கிறார்கள். அதற்கு மாற்று அங்கே அனுமதி இல்லை. ஆக ரோமில் சாப்பிடும் அந்த வெள்ளைப் பாஸ்தா, மாமிசமே கண்ணில் படாவிட்டாலும், கண்டிப்பான சைவக் கணக்கில் சேராது. இங்கே பச்சைப் புள்ளியோடு விற்கும் சீஸில் நுண்ணுயிரியிலிருந்து எடுத்த உறைபொருள் இருக்கும். ருசி கொஞ்சம் மாறும், மனசு உறுத்தாது.

வீட்டில் செய்து பார்க்க நினைத்தால் க்ரீம் வாங்காதீர்கள். இருவருக்கு 200 கிராம் ஃபெட்டுச்சினி, 80 கிராம் உப்பில்லாத வெண்ணெய், 100 கிராம் சீஸ் போதும். சீஸைக் கட்டியாக வாங்கி அப்போதைக்கு அப்போது மாவு போலத் துருவிக்கொள்ளுங்கள். தட்டை முன்பே வெந்நீரில் சூடாக்கி வையுங்கள். பாஸ்தா வெந்த நீரை முழுக்கக் கொட்டிவிடாமல் ஒரு டம்ளர் எடுத்து வையுங்கள். அடுப்பை அணைத்த பிறகுதான் வெண்ணெயும் சீஸும். அதோடு சாப்பிடுகிறவரை முதலில் மேசையில் உட்காரவைத்துவிட்டுப் பிரட்ட ஆரம்பியுங்கள், ஐந்து நிமிடத்தில் அது இறுகிவிடும்.